மாதாந்திர காமிக்ஸில் நட்சத்திர ஓவியர்கள் எங்கே போனார்கள்?

பெட்டிக்காரன்

போன வாரம் பரணிலிருந்து அமெரிக்க காமிக்ஸ் பெட்டிகளை இறக்கித் தூசி தட்டினேன். ஒவ்வொரு பெட்டியின் மேலும் அந்தந்தக் காலத்தில் நானே எழுதி ஒட்டிய சீட்டு இருக்கிறது. பழைய பெட்டிகளில் "ஜான் பைர்ன்", "ஜார்ஜ் பெரெஸ்", "சைமன்சன் – தோர்", "மெக்ஃபார்லேன்", "ஜிம் லீ". 2005-க்குப் பிறகு வாங்கியவற்றில் "பெண்டிஸ்", "மாரிசன்", "ஹிக்மன்", "ஸ்னைடர்", "டாம் கிங்". கவனித்தீர்களா? முதலில் எல்லாம் ஓவியர்கள், பிறகு எல்லாம் கதாசிரியர்கள். பைர்னும் சைமன்சனும் கதையும் எழுதினார்கள்தான், ஆனால் நான் அவர்களை வாங்கியது படத்துக்காக. யாரும் சொல்லி நான் இப்படி மாறவில்லை, மாறியதே இப்போதுதான் தெரிகிறது.

1990-ல் மெக்ஃபார்லேனுக்காகவே மார்வல் ஒரு புதிய ஸ்பைடர்மேன் இதழ் தொடங்கியது, முதல் இதழ் சுமார் 25 லட்சம் பிரதிகள். அடுத்த வருடம் ராப் லீஃபெல்டின் எக்ஸ்-ஃபோர்ஸ் சுமார் 50 லட்சம், ஜிம் லீயின் எக்ஸ்-மென் 80 லட்சத்துக்கும் மேல். அந்த எக்ஸ்-மென் குடும்பத்தைப் பதினாறு வருடம் எழுதி வளர்த்த கிறிஸ் கிளேர்மான்ட், புது இதழின் மூன்றாவது எண்ணோடு வெளியேறினார். அன்றைக்கு ஓவியர் பக்கம்தான் பலம் இருந்தது. 1992-ல் ஏழு ஓவியர்கள் ஒன்றுசேர்ந்து இமேஜ் காமிக்ஸைத் தொடங்கும் அளவுக்கு.

இன்று மார்வல், டிசி மாத இதழ்களில் உள்பக்கம் வரைபவர்களில் "இவர் எந்தக் கதாபாத்திரத்துக்குப் போனாலும் நானும் பின்னாலேயே போவேன்" என்று எத்தனை பேரைச் சொல்வீர்கள்? திறமை குறைந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. சராசரியாகப் பார்த்தால் இன்றைய பக்கங்கள் 1991-ன் பக்கங்களைவிட நன்றாகவே இருக்கின்றன. அப்புறம் ஏன் பெயர் நிற்பதில்லை?

கடைசிப்பக்கம்

அந்த எழுவரின் தலைமுறையே கெடுத்துக்கொண்டது என்பது என் கருத்து. கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், மன்னிக்கவும்.

அமெரிக்காவில் காமிக்ஸ் கடைக்காரர் இதழ்களை மாதக்கணக்கில் முன்கூட்டியே கேட்டு வாங்குகிறார், விற்காததைத் திருப்பித் தர முடியாது. இமேஜின் முதல் இரண்டு வருடங்களில் சொன்ன தேதிக்கு இதழ் வருவதே அபூர்வம். 1993-ல் வேலியன்ட் நிறுவனத்தோடு சேர்ந்து செய்த டெத்மேட் தொடரில் வேலியன்ட் பங்கு நேரத்துக்கு வந்தது, இமேஜ் பங்கு மாதக்கணக்கில் தாமதமானது. அது வந்து சேர்ந்தபோது வாங்குபவர்களுக்கு ஆர்வம் போய்விட்டது, கடைக்காரர்கள் கையில் கட்டுக்கட்டாகத் தேங்கியது. அதோடு, அந்த லட்சக்கணக்கான பிரதிகளும் படிக்கவா வாங்கப்பட்டன? எக்ஸ்-மென் முதல் இதழுக்கு ஐந்து அட்டைகள், எக்ஸ்-ஃபோர்ஸ் இதழை மூடிய பையில் ஐந்து விதச் சேகரிப்புச் சீட்டுகளில் ஒன்று. எதிர்காலத்தில் விலை ஏறும் என்று ஒரே ஆள் ஐந்து பிரதி வாங்கினார். அந்தக் குமிழி உடைந்து கடைகள் மூடின, 1996 டிசம்பரில் மார்வல் திவால் மனு கொடுத்தது.

அதிலிருந்து நிறுவனங்கள் ஒரு பாடம் கற்றன. கதாபாத்திரத்தை நம்பு, தேதியை நம்பு, வரைபவரை மட்டும் நம்பாதே.

பென்சில்முனை

நண்பர் கடைசிப்பக்கம் சொன்ன சம்பவங்கள் சரி. அவற்றிலிருந்து வந்த முடிவோடுதான் எனக்குச் சண்டை. நான் காமிக்ஸ் வரைந்து பிழைக்கிறவன் இல்லை, ஆனால் பத்து வருடமாகப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன், ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது உடம்புக்குத் தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு இதழில் 20 பக்கம் (2011-ல் டிசி 22-லிருந்து 20-ஆகக் குறைத்தது). நல்ல ஓவியர் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் பென்சிலில் முடித்தால் அது திடமான வேகம். ஒரு மாதத்தில் வேலை நாட்கள் இருபத்திரண்டு. ஆக, காய்ச்சல் வராமல், குழந்தை அழாமல், ஒரு பக்கத்தைக்கூடக் கிழித்துப் போடாமல் இருந்தால்தான் மாதம் ஒரு இதழ். கதாசிரியர் அதே மாதத்தில் மூன்று நான்கு தொடர்கள் எழுத முடியும், எழுதவும் செய்கிறார்கள். அப்போது யாருடைய பெயர் வாசகன் கண்ணில் அடிக்கடி படும்? ஒருவர் பெயர் மாதம் நான்கு அட்டையில், இன்னொருவர் பெயர் ஒரு அட்டையில். அதுவும் வருடத்தில் எட்டு மாதம்தான்.

இதற்கு மேல் மாதம் இரண்டு இதழ் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். 2008-ல் அமேசிங் ஸ்பைடர்மேன் மாதம் மூன்று முறை வந்தது. 2016-ல் டிசி தன் ரீபர்த் வரிசையில் பேட்மேன் உட்படப் பல தொடர்களை மாதம் இருமுறை வெளியிட்டது. மாதம் நாற்பது பக்கம் தனியாக எந்த மனிதரும் வரைய முடியாது. அதனால் பேட்மேனில் முதல் கதையை டேவிட் ஃபின்ச் வரைந்தார், அடுத்து மிகேல் ஹனின் வந்தார், பிறகு இன்னும் பலர். டாம் கிங் மட்டும் 85-வது இதழ் வரை இருந்தார். இன்று அந்த 85 இதழ்களையும் எல்லாரும் எப்படிக் குறிப்பிடுகிறோம்? "டாம் கிங்கின் பேட்மேன்". ஹனின் அதில் வரைந்த சில பக்கங்கள் மூச்சை நிறுத்தும், ஆனால் முறைமாறி வருபவரின் பெயர் தொடரோடு ஒட்டுவதே இல்லை.

இன்னொன்றும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2001-ல் நியூ எக்ஸ்-மென் தொடரை கிரான்ட் மாரிசனும் ஃபிராங்க் க்வைட்லியும் ஆரம்பித்தார்கள். க்வைட்லி மெதுவாக வரைபவர், மாதாந்திர வேகம் அவருக்கு ஒத்துவராது, அது முதல் நாளே எல்லாருக்கும் தெரியும். இடைவெளியை நிரப்ப இகோர் கோர்டே என்ற குரோவேஷிய ஓவியரை அழைத்தார்கள். ஐரோப்பியப் பள்ளியில் வந்த தேர்ந்த கை அவருடையது. மிகக் குறுகிய அவகாசத்தில் முழு இதழ்களை முடித்துக் கொடுத்தார். அதற்கு வாசகர்களிடமிருந்து அவருக்குக் கிடைத்தது வசைதான், வருடக்கணக்கில். அவசரத்தை உண்டாக்கியது கால அட்டவணை, பழி மட்டும் வரைந்தவர் மேல். அதே க்வைட்லிக்கு ஆல்-ஸ்டார் சூப்பர்மேனில் அவகாசம் கொடுத்தார்கள். 12 இதழ்கள், 2005 முதல் 2008 வரை இழுத்தது. இன்றைக்கு யாராவது அது தாமதமாக வந்தது என்று புகார் சொல்கிறார்களா?

மார்வலின் பழைய ஓவியர் ஜாக் கிர்பியைச் சொல்வீர்கள் என்று தெரியும். ஆமாம், ஃபென்டாஸ்டிக் ஃபோர் 102 இதழ்கள் தொடர்ந்து வரைந்தார், கூடவே வேறு தொடர்களும். மார்க் பாக்லி அல்டிமேட் ஸ்பைடர்மேனில் 111 இதழ்கள் வரைந்து அந்தக் கணக்கைத் தாண்டினார். விதிவிலக்குகளை அளவுகோலாக வைத்தால் மற்ற எல்லாரும் சோம்பேறிகளாகத்தான் தெரிவார்கள்.

அட்டைப்பித்தன்

நட்சத்திர ஓவியர்கள் எங்கேயும் போகவில்லை, அட்டைக்குப் போய்விட்டார்கள். ஆர்ட்ஜெர்ம், ஜே. ஸ்காட் கேம்பெல் பெயர் போட்ட அட்டைக்கு இன்றும் ஆட்கள் முண்டியடிக்கிறார்கள், நானும் ஒருவன்.

பணத்தைப் பாருங்கள். ஒரு அட்டை என்பது ஒரே ஒரு படம். உள்பக்கத்தைவிட அதற்குக் கூலி அதிகம், அசல் ஓவியத்துக்குச் சேகரிப்பாளர்கள் தரும் விலையும் அதிகம், கதை புரியவைக்க வேண்டிய பாரமும் இல்லை. நிறுவனத்துக்கும் லாபம். 25 சாதாரணப் பிரதி எடுக்கும் கடைக்கு ஒரு மாற்று அட்டைப் பிரதி (அதே இதழ், அட்டைப் படம் மட்டும் வேறு) வாங்க உரிமை என்று வைத்தால், அந்த ஒன்றுக்காகக் கடைக்காரர் தேவைக்கு மேல் வாங்குகிறார். இந்த நிலையில் பெயர் பெற்ற ஒருவர் எதற்காக ஒரு மாதம் முழுக்கக் கூன் விழக் குனிந்து இருபது பக்கம் வரைய வேண்டும்?

ஆனால் ஒரு வருத்தம் உண்டு. அட்டையை நம்பி வாங்கிப் பிரித்தால் உள்ளே வேறு கை. பழகிவிட்டது என்றாலும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன ஏமாற்றம்.

பெட்டிக்காரன்

பென்சில்முனை, கோர்டே விஷயத்தில் நானும் அன்று திட்டியவன். இத்தனை வருடம் கழித்துச் சங்கடமாக இருக்கிறது.

ஒரு சந்தேகம். வேகக் கணக்கு எண்பதுகளிலும் இதேதானே? பெரெஸ் ஒரு பக்கத்தில் முப்பது உருவங்களை நுணுக்கமாக வரைந்தார், 1985-86-ல் க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ் 12 இதழ்களும் வந்து முடிந்தன. அன்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை?

பென்சில்முனை

நல்ல கேள்வி. இரண்டு காரணம் சொல்வேன்.

முதலாவது பணம். 1981-ல் டிசி ராயல்டி முறையை அறிவித்தது, ஒரு லட்சம் பிரதிக்கு மேல் விற்றால் எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் பங்கு, மார்வலும் உடனே பின்பற்றியது. அன்று லட்சத்தைத் தாண்டிய தொடர்கள் நிறைய. ஒரே தொடரில் நீடித்து அதை உயர்த்தினால் வரைந்தவர் கையில் காசு சேரும். இன்று பெரும்பாலான மாத இதழ்கள் அந்த எல்லைக்கு வெகு கீழே. நீடிப்பதால் கிடைப்பது பக்கக் கூலி மட்டும். எழுபதுகளிலிருந்து அசல் பக்கங்களை வரைந்தவருக்கே திருப்பித் தரும் வழக்கம் வந்தது (கிர்பிக்கு மட்டும் மார்வல் 1987 வரை இழுத்தடித்து, பத்தாயிரத்துக்கும் மேல் வரைந்த மனிதருக்குச் சுமார் 2,000 பக்கங்கள் தந்தது, அது தனிக் கொடுமை). அந்தப் பக்கங்களை விற்பது ஒரு வருமானமாக இருந்தது. இப்போது பலர் நேராகத் திரையில் வரைகிறார்கள், வேகம் கூடுகிறது, ஆனால் விற்கப் பக்கமே இல்லை.

இரண்டாவது, வாசகன் படத்திடம் எதிர்பார்ப்பது மாறியது. 1999-ல் தி அத்தாரிட்டி, 2002-ல் தி அல்டிமேட்ஸ், இரண்டிலும் பிரயன் ஹிட்ச் வரைந்ததை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஜன்னல், ஒவ்வொரு ராணுவ வாகனத்துக்கும் திருகாணி. திரைப்படம் பார்ப்பதுபோல் இருந்தது, எல்லாரும் மயங்கினோம். அதற்கான விலை காலம். அல்டிமேட்ஸின் இரண்டாம் வரிசை 13 இதழ்கள், முடிய இரண்டரை வருடம் ஆனது. அந்த நுணுக்கத்தை எல்லா இதழிலும் கேட்கப் பழகிவிட்டோம், தேதியை மட்டும் பழையபடியே வைத்துக்கொண்டோம்.

செம்பருத்தி

நீங்கள் எல்லாரும் தயாரிக்கும் பக்கத்தைப் பேசுகிறீர்கள். படிக்கும் பக்கத்தையும் பேச வேண்டும், அதாவது நம்மைப் பற்றி.

ஒரு விமர்சனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு பத்தி கதை, எழுத்தாளரின் பழைய படைப்புகளோடு ஒப்பீடு, அவர் அரசியல், அவர் உரையாடல். கடைசிப் பத்தியில் "ஓவியங்களும் அருமை". நானே ஒரு தளத்துக்கு இப்படி வருடக்கணக்கில் எழுதியிருக்கிறேன். காரணம் சோம்பல் மட்டும் கிடையாது. கதையைப் பற்றிப் பேச நமக்குப் பள்ளியிலிருந்தே சொற்கள் கற்றுத்தரப்படுகின்றன. ஒரு பேனலிலிருந்து (படக் கட்டத்திலிருந்து) அடுத்த பேனலுக்குக் கண் ஏன் நகர்கிறது, பக்கத்தைத் திருப்பும் இடத்தில் ஏன் அந்தப் படம் நிற்கிறது என்று சொல்ல நம்மிடம் சொல் இல்லை. தொண்ணூறுகளுக்குப் பிறகு காமிக்ஸ் தொகுப்புகளாகப் புத்தகக் கடைக்கும் நூலகத்துக்கும் போனது. அங்கே உள்ளவர்கள் நாவல் படித்துப் பழகியவர்கள். புத்தகத்தின் முதுகில் இருக்கும் முதல் பெயர்தான் அவர்களுக்கு ஆசிரியர். இங்கிலாந்தில் சிறுவர் நூல்களுக்குப் படம் வரையும் சாரா மெக்இன்டயர், வரைந்தவர் பெயரையும் எல்லா இடத்திலும் போடுங்கள் என்று 2015 முதல் தனி இயக்கமே நடத்துகிறார். அந்த அளவுக்குக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

திரையிலும் இதே கதைதான். ஹிட்ச் அல்டிமேட்ஸில் நிக் ஃப்யூரியை சாமுவேல் ஜாக்சன் முகத்தில் வரைந்தார், 2008-ல் அயர்ன் மேன் படத்தின் முடிவில் அதே ஜாக்சன் அதே பாத்திரமாக வந்து நின்றார். டேவிட் அஹாவின் ஹாக்ஐ அட்டைகளை 2012-லிருந்தே பார்த்தவர்களுக்கு, 2021-ல் வந்த ஹாக்ஐ திரைத் தொடரின் தொடக்க எழுத்துகளைப் பார்த்ததும் எங்கிருந்து வந்தது என்று சட்டெனத் தெரிந்திருக்கும். கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இந்த இருவரின் பெயர் தெரியும்?

டெக்ஸ்வாசகர்

நான் சிவகாசியிலிருந்து வரும் லயன்-முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவன், அமெரிக்கத் தொடர்கள் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. ஆனால் இந்தப் பேச்சில் இரண்டு விஷயம் சேர்க்கலாம் என்று தோன்றுகிறது.

1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தது. என் அப்பாவுக்கு அந்த மாயாவியின் ஒவ்வொரு நிழலும் மனப்பாடம். வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர் என்பது அவருக்கு அறுபது வயதில் நான் சொல்லித்தான் தெரியும். தமிழ்ப் பதிப்பின் குறை அது என்று நினைக்க வேண்டாம். மூலமாக வந்த பிரிட்டன் வார இதழிலேயே அவர் பெயர் கிடையாது, அங்கே யார் பெயரும் போடாத வழக்கம். 1977-ல் தொடங்கிய 2000 ஏடி இதழில் கெவின் ஓ'நீல் முயற்சி எடுத்துப் போட்ட பிறகுதான் அங்கே பெயர்கள் வரத் தொடங்கின. நட்சத்திர ஓவியர் என்ற நிலையே வரலாற்றில் கொஞ்ச காலம்தான் இருந்திருக்கிறது.

இரண்டாவது, டெக்ஸ் வில்லர் என்ற கௌபாய் தொடர். 1948-லிருந்து இத்தாலியில் வருகிறது, மாதம் 110 பக்கம். அதை ஒரே ஆள் வரைய வாய்ப்பே இல்லை, எனவே பல ஓவியர்கள் தனித்தனிக் கதைகளை ஒரே சமயத்தில் வரைந்துகொண்டிருப்பார்கள், ஒரு கதைக்கு ஒருவர் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். கதையின் நடுவில் கை மாறுவது குறைவு. 400-வது இதழ் வரை எல்லா அட்டையும் காலெப்பினி, அதற்குப் பிறகு கிளவுதியோ வில்லா. இது போக, 1988 முதல் பெரிய அளவில் சிறப்பு மலர் ஒன்று போடுகிறார்கள், அதில் வெளியிலிருந்து ஒரு பெரிய ஓவியர் வந்து முழுக் கதையை வரைவார். அமெரிக்கர் ஜோ கியூபர்ட்கூட 2001-ல் வரைந்தார். மாக்னுஸ் என்பவர் ஒரே கதையை ஏழு வருடம் வரைந்தார், 1996-ல் முடித்த கையோடு இறந்துபோனார். ஏழு வருடமும் பதிப்பகம் காத்திருந்தது. மாத இதழுக்கு ஒரு வழி, நட்சத்திரத்துக்கு ஒரு வழி என்று இரண்டையும் பிரித்து வைத்தார்கள். அமெரிக்காவில் ஏன் இப்படிச் செய்யவில்லை?

கடைசிப்பக்கம்

ஏழு வருடமா! என் முதல் பதிவை எழுதும்போது இப்படி ஒரு முறை இருக்கும் என்றே யோசிக்கவில்லை. காத்திருக்கும் பதிப்பகத்திடம் தாமதம் என்ற பேச்சே எழாது. கைக்கு வராததை விற்றதுதான் இமேஜ் காலத்துத் தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

டிசி ஒரு முறை கிட்டத்தட்ட அப்படிச் செய்ததே. 2002-ல் பேட்மேன் ஹஷ் கதைக்கு ஜிம் லீ முன்கூட்டியே வரைய ஆரம்பித்தார், 12 இதழ்களும் மாதம் தவறாமல் வந்து விற்பனையில் சக்கைப்போடு போட்டன. நட்சத்திரமும் தேதியும் ஒன்றாக வர முடியும், முதலீடாகச் சில மாதங்களைக் கொடுத்தால். அப்புறம் அவரும் நிர்வாகத்துக்குப் போய்விட்டார், 2010-ல் இணை வெளியீட்டாளர், இப்போது டிசியின் தலைவர். வரைய நேரம் ஏது.

புதுவரவு

அண்ணன்மார்களே, எல்லாரும் இறந்தகாலத்தில் பேசுவது எனக்குப் புரியவில்லை. எனக்கு வயது இருபத்திரண்டு. 2024-ல் ஆப்சல்யூட் பேட்மேன் முதல் இதழை எடுக்க வைத்தது நிக் டிரகோட்டா வரைந்த அந்த மாமிச மலை உடம்புதான், ஸ்காட் ஸ்னைடர் யார் என்று பிறகுதான் தேடினேன். திரும்பத் திரும்ப மறுபதிப்பு போட்டார்கள். பீச் மொமோகோ அட்டை ஓவியராகப் புகழ் பெற்று, அதே 2024-ல் அல்டிமேட் எக்ஸ்-மென்னை எழுதி வரையவும் தொடங்கினார், அட்டையிலிருந்து உள்ளே திரும்பி வந்தவர். டேனியல் வாரன் ஜான்சன் 2023-ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் தொடங்கியபோது பொம்மை பிடிக்காதவர்கள்கூட வாங்கினார்கள். என் நண்பர்கள் பெரும்பாலும் மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) படிப்பவர்கள். அவர்களுக்கு ஓடா என்றால் ஒன் பீஸ், எழுதியவர் வேறு வரைந்தவர் வேறு என்பதே அவர்களுக்கு விசித்திரம்.

அட்டைப்பித்தன்

தம்பி சொல்வது சரிதான், ஆனால் ஓடாவுக்கு உதவியாளர் குழு இருக்கிறது, பதிப்பகமே அந்த முறையை ஒட்டித்தான் இயங்குகிறது. அமெரிக்க ஓவியருக்குப் பின்னணி வரைந்து கொடுக்க யாரும் இல்லை.

பென்சில்முனை

ஆப்சல்யூட் பேட்மேனை நல்ல நேரத்தில் நினைவுபடுத்தினாய், தம்பி. அதில் டெக்ஸ்வாசகர் கேட்டதற்குப் பாதி பதில் இருக்கிறது. டிரகோட்டாவுக்கு ஓய்வு வேண்டிய இடங்களில் என்ன செய்தார்கள் பார்த்தாயா? நடுக்கதையில் வேறு ஆளை நுழைக்கவில்லை. நான்காவது இதழைத் தனிக் கதையாக எழுதி கேப்ரியல் ஹெர்னாண்டஸ் வால்டாவிடம் கொடுத்தார்கள். ஏழு, எட்டு இரண்டும் மிஸ்டர் ஃப்ரீஸ் கதை, அதை மார்கோஸ் மார்டின் வரைந்தார். அந்தக் கைக்கேற்ற கதை, அந்தக் கதைக்கேற்ற கை. வாசகன் ஒட்டுப்போட்டதாக உணரவில்லை, புதியவர் வந்திருக்கிறார் என்று பெயரைக் கவனித்தான். கோர்டேவுக்கும் இந்த மரியாதை 2001-ல் கிடைத்திருந்தால்! அவருக்கு ஏற்ற கதையும் ஆறு வாரமும் கொடுத்திருந்தால் போதும்.

செம்பருத்தி

வால்டா பெயரைப் பார்த்ததும் பக்கென்றது. 2015-16-ல் டாம் கிங் எழுதி வந்த விஷன் அவர் வரைந்ததுதானே? 12 இதழில் ஏழாவதை மட்டும் மைக்கேல் வால்ஷ் வரைந்தார், மீதி பதினொன்றும் வால்டா. அந்தப் புறநகர் வீட்டின் அமைதி, கண்மணி இல்லாத அந்தக் கண்களில் அவர் கொண்டுவந்த துக்கம், ஜோர்டி பெலேர் போட்ட இலையுதிர்கால வண்ணம், இவை இல்லாமல் அந்தக் கதை நெஞ்சில் நின்றிருக்காது. நான் அன்று எழுதிய விமர்சனத்தை இப்போது தேடி எடுத்துப் படித்தேன். வால்டாவுக்கு ஒன்றரை வரி. பெலேரின் பெயரே இல்லை. அந்தத் தளத்துக்குத் திருத்தி அனுப்பப் போகிறேன், போடுவார்களா தெரியாது.

பெட்டிக்காரன்

என் விஷனும் "டாம் கிங்" என்ற பெட்டிக்குள்தான் இருந்தது. எடுத்துவிட்டேன். ஏழாவது இதழை மட்டும் எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், வால்ஷ் பெயரில் வேறு என்ன வந்திருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள்.